பேட்டரி மேல் விழுந்த பழி: ஒரு கேம்பர் வேனின் மின்னமைப்பு குறித்த நிகழ்வு ஆய்வு

சரக்கு வேன் ஒன்றை வாங்கி, அதில் படுக்கையும் அடுப்பும் ஃப்ரிட்ஜும் பொருத்தி, மின்கம்பி வேலை முழுவதையும் தம் கையாலேயே செய்து முடித்திருந்த ஒருவர், எட்டு மாத ஓட்டத்திற்குப் பிறகு வண்டியை என்னிடம் கொண்டுவந்தார். பேட்டரி போய்விட்டது என்பது அவருடைய முடிவு. புதியது வாங்குவதற்கு முன்னால் வேறொருவர் கண்ணிலும் பட்டுவிடட்டும் என்பதற்காகத்தான் வந்திருந்தார். அவர் சொன்ன குறைகள் மூன்று. விடியற்காலையில் ஃப்ரிட்ஜ் நின்றுவிடுகிறது. இண்டக்ஷன் அடுப்பைப் போட்ட சில நொடிகளில் இன்வெர்ட்டர் கத்துகிறது. ஒருமுறை சமைத்துக்கொண்டிருந்தபோது ஓட்டுநர் இருக்கைக்குப் பின்னாலிருந்து பெயின்ட் கருகும் வாடை வந்தது. மூன்றாவதை அவர் ஏதோ நினைவு வந்தாற்போல, போகிற போக்கில்தான் சொன்னார். எனக்கு முதலில் உறைத்தது அதுதான்.

வண்டியில் இருந்த அமைப்பு வழக்கமானதே. 200 ஆம்பியர்-மணி கொள்ளளவுள்ள லித்தியம் அயர்ன் பாஸ்பேட் பேட்டரி ஒன்று, அதாவது 3.2 வோல்ட் செல்கள் நான்கு தொடராக இணைந்த 12.8 வோல்ட் அமைப்பு. கணக்குப்படி 2,560 வாட்-மணி ஆற்றல். உள்ளேயே பிஎம்எஸ், அதாவது செல்களைக் கண்காணித்துத் தேவைப்பட்டால் வெளியீட்டைத் துண்டிக்கும் காப்பு மின்சுற்று, உண்டு. அது தொடர்ந்து 200 ஆம்பியர் வரை அனுமதிக்கும். 2,000 வாட் இன்வெர்ட்டர், கூரையில் 200 வாட் சூரியத் தகடுகள் இரண்டு, அவற்றிலிருந்து பேட்டரிக்கு மின்னேற்றுவதைக் கட்டுப்படுத்தும் ஓர் எம்பிபிடி கன்ட்ரோலர், ஓடும்போது ஆல்டர்னேட்டரிலிருந்து மின்னேற்ற 30 ஆம்பியர் டிசி-டிசி சார்ஜர், பேட்டரியின் நெகட்டிவ் முனையில் ஷண்ட் (மின்னோட்டத்தை அளக்க உதவும் மிகச் சிறிய தடை) வைத்த கண்காணிப்புக் கருவி. ஃப்ரிட்ஜ், விளக்கு, காற்றாடி, தண்ணீர் பம்ப், அடுப்பு எல்லாம் சேர்த்து ஒரு நாளைக்கு அவர்களுக்கு ஏறத்தாழ 1,500 வாட்-மணி செலவாகிறது. ஆகவே திட்டத்தில் கோளாறு இல்லை. காகிதத்தில் வரைந்து பார்த்தால் எவரும் சரி என்று கையெழுத்துப் போட்டுவிடக்கூடிய அமைப்புதான்.

பேட்டரியைச் சோதித்தல்

முதல் ஒரு மணி நேரம் நானும் வண்டிக்காரர் வழியிலேயே போனேன் என்பதை மறைப்பதற்கில்லை. பேட்டரியில் ஏதாவது ஒரு செல் மற்றவற்றுக்கு முன்னால் தாழ்ந்து, அதனால் பிஎம்எஸ் வெளியீட்டைத் துண்டிக்கிறதோ என்று சந்தேகித்தேன். ஆனால் அப்படித் துண்டிக்கப்பட்டிருந்தால் வண்டியில் விளக்கு முதல் பம்ப் வரை எல்லாமே ஒன்றாக அணைந்திருக்க வேண்டும். ஃப்ரிட்ஜ் நின்ற இரவுகளில் விளக்குகள் எரிந்துகொண்டுதான் இருந்தன என்று கேட்டபோது தெரிந்தது. இருந்தாலும் சந்தேகத்துக்கு இடம் வைக்கக் கூடாது என்பதால், பேட்டரியை நிறைய ஏற்றி, 20 ஆம்பியர் சீரான சுமையில் இறக்கிப் பார்த்தோம். 9.8 மணி நேரம் தாங்கியது. 196 ஆம்பியர்-மணி கொடுக்கும் பேட்டரியைப் பழுது என்று சொல்ல வாய் வராது.

அவரைத் திசைதிருப்பியது வோல்ட் எண்தான் என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். ஈய-அமில பேட்டரியோடு பழகியவர்கள் மின்னழுத்தத்தைப் பார்த்தே மீதி எவ்வளவு என்று கணிப்பார்கள். அந்தப் பழக்கம் இந்த வகை பேட்டரியில் உதவாது. கொள்ளளவின் பெரும்பகுதியில் இதன் மின்னழுத்தம் 13 வோல்ட்டை ஒட்டியே படுத்துக் கிடக்கும். கால் பங்கு மீதமிருக்கும்போதும் முக்கால் பங்கு மீதமிருக்கும்போதும் உள்ள வேறுபாடு ஒரு வோல்ட்டில் சில பத்தில் பங்குகளே. அதனால் காலையில் கருவி 12.9 காட்டியது என்பதும், ஃப்ரிட்ஜ் 'மின்னழுத்தம் குறைவு' என்று பிழைக் குறியீடு காட்டியது என்பதும் ஒன்றையொன்று மறுப்பதாக அவருக்குத் தோன்றியிருக்கிறது. உண்மையில் இரண்டும் சரி. கருவி பேட்டரியின் முனையில் அளந்தது. ஃப்ரிட்ஜ் தன் வாயிலுக்கு வந்து சேர்ந்ததை அளந்தது. இடையில் உள்ள வழியில்தான் ஏதோ காணாமல் போகிறது.

சுமையோடு அளந்தபோது

மின்னோட்டம் ஓடாத கம்பியில் எதை அளந்தாலும் எல்லா இடத்திலும் ஒரே வோல்ட்தான் காட்டும். ஒற்றை இழையில் தொங்கிக்கொண்டிருக்கும் கம்பிகூட அப்போது நல்ல கம்பியாகவே தெரியும். ஆகவே அடுப்பின் மேல் தண்ணீர்ப் பாத்திரத்தை வைத்து, இன்வெர்ட்டர் வெளியீடு 1,600 வாட் இருக்கும்படி ஓடவிட்டு, மல்டிமீட்டரோடு ஒவ்வோர் இணைப்பாக நகர்ந்தோம். பேட்டரியின் முனைகளில் 12.7 வோல்ட். இன்வெர்ட்டரின் முனைகளில் 10.9. ஷண்ட் காட்டிய மின்னோட்டம் 162 ஆம்பியர். இந்த இன்வெர்ட்டர் 11.0 வோல்ட்டில் எச்சரித்து 10.5இல் தன்னை அணைத்துக்கொள்ளும். அது கத்தியதில் தப்பே இல்லை. இரண்டு மீட்டர் சொச்சம் தூரத்துக்குள் 1.8 வோல்ட் தொலைந்துகொண்டிருந்தது. 1.8ஐ 162ஆல் பெருக்கினால் 290 வாட்டுக்கு மேல். அடுப்பில் ஏறாத அந்தச் சூடு வண்டியின் மரப்பலகைகளுக்குப் பின்னால் எங்கோ ஏறிக்கொண்டிருந்தது.

எங்கே என்று கண்டுபிடிக்க, ஒரு முனையை பேட்டரியின் பாசிட்டிவிலும் மறுமுனையை இன்வெர்ட்டரின் பாசிட்டிவிலும் வைத்தோம்: 0.46 வோல்ட். அதே போல நெகட்டிவ் பக்கம்: 1.34 வோல்ட். இழப்பில் முக்கால் பங்கு, யாரும் கவனிக்காத கறுப்புக் கம்பியின் பக்கம். சொந்தமாக வேன் கட்டுகிறவர்களின் வரைபடங்களைப் பார்த்தால் இது வியப்பாக இருக்காது. சிவப்புக் கோட்டை அவர்கள் மில்லிமீட்டர் கணக்கில், ஃப்யூஸ் அளவு எழுதி, சுவிட்ச் போட்டு வரைவார்கள். கறுப்புக் கோடு வந்ததும் 'உடம்பில் எர்த்' என்று ஒரு குறியைப் போட்டு முடித்துவிடுவார்கள். போன மின்னோட்டம் முழுவதும் திரும்பி வந்தாக வேண்டும் என்பதைக் குறி மறைத்துவிடுகிறது.

இந்த வண்டியில் இன்வெர்ட்டரின் நெகட்டிவ் கேபிள் அரை மீட்டர் தள்ளி இருக்கைச் சட்டத்தின் போல்ட் ஒன்றில் கட்டப்பட்டிருந்தது. பேட்டரியின் நெகட்டிவ், ஷண்ட் வழியாக, மூன்று மீட்டர் அப்பால் தரையில் இன்னொரு போல்ட்டில். இரண்டுக்கும் இடையில் வண்டியின் உடம்புத் தகடு. மல்டிமீட்டரின் ஒரு முனையை லக்கின் (கேபிள் நுனியில் பொருத்தும் உலோக வளையம்) மேல் வைத்து, மறுமுனையைப் போல்ட்டுக்குப் பக்கத்தில் கத்தியால் சுரண்டிப் பளபளப்பாக்கிய தகட்டில் வைத்தபோது, விரற்கடை தூரத்தில் 0.85 வோல்ட் காட்டியது. அடுப்பை அணைத்து போல்ட்டைக் கழற்றினோம். சற்று நேரம் ஆறவிட்ட பிறகே விரல் வைக்க முடிந்தது. லக்கின் அடியில் தொழிற்சாலைப் பெயின்ட் அப்படியே இருந்தது. லக்கின் வட்ட விளிம்பை ஒட்டி அது பழுப்பாகி, குமிழிட்டு, ஓரிடத்தில் கரியாகப் பொரிந்திருந்தது. லக்குக்கும் உலோகத்துக்கும் நேரடித் தொடர்பே இல்லை. போல்ட்டின் மரைகள் வழியாகத்தான், அதுவும் பெயின்ட் உரிந்த ஒன்றிரண்டு மரைகள் வழியாகத்தான், 162 ஆம்பியரும் போயிருக்கிறது. 138 வாட் வெப்பம் ஒரு போல்ட்டின் அடியில். சாதாரண சால்டரிங் அயர்னுக்கு 60 வாட் போதும் என்பதை நினைத்துக்கொண்டால் அந்தக் கருகிய வாடைக்கு வேறு விளக்கம் தேவைப்படாது.

நெகட்டிவ் பக்கத்தின் மீதி இழப்பில் பெரும்பகுதி உடம்புத் தகட்டிலும் மறுமுனைப் போல்ட்டிலும், சுமார் 0.28 வோல்ட், மிச்சம் கேபிள் துண்டுகளில். பாசிட்டிவ் பக்கத்தில் எதிர்பாராத இரண்டு கண்டோம். பேட்டரி முனையில் லக்குக்கும் முனைத்தளத்துக்கும் இடையில் துருப்பிடிக்காத எஃகு வாஷர் ஒன்று உட்கார்ந்திருந்தது. அந்த எஃகின் மின்தடை செம்பினதைப் போல ஏறத்தாழ 40 மடங்கு. வாஷர் நட்டுக்கு அடியில் இருக்க வேண்டியது. லக் எப்போதும் முனைத்தளத்தோடு நேரே ஒட்டியிருக்க வேண்டும். அடுக்கும் வரிசை மாறியதற்கு இவ்வளவு விலை என்பதை அவர் நம்பவில்லை. வாஷரை மேலே மாற்றி மறுபடி அளந்து காட்டிய பிறகு ஒப்புக்கொண்டார்.

மற்றொன்று கேபிளே. உறையின் மேல் 35 சதுர மி.மீ. என்று அச்சிட்டிருந்தது. செம்பின் தடைத்திறனை மீட்டருக்கு 0.0175 ஓம்-சதுர மி.மீ. என்று கொண்டால், 2.2 மீட்டருக்கு 1.1 மில்லி ஓம்தான் வர வேண்டும். அளந்ததில் 1.7 வந்தது. வெட்டிய துண்டிலிருந்து ஓர் இழையைப் பிரித்து பிளேடால் மெல்லச் சீவினேன். செம்பு நிறம் தோல்போல உரிந்து, உள்ளே வெள்ளி நிறம் தெரிந்தது. செம்பு பூசிய அலுமினியம். உறுதிப்படுத்த, 30 செ.மீ. துண்டின் உறையை உரித்துத் தராசில் வைத்தோம். அந்த அளவுக்குச் சுத்தச் செம்பாக இருந்தால் 94 கிராம் இருக்க வேண்டும். தராசு 35 காட்டியது. வாங்கிய இடத்தில் செம்பு என்று சொல்லித்தான் விற்றிருக்கிறார்கள். இத்தகைய கேபிள் மின்தடை கூடியது என்பது ஒரு குறைதான். எனக்கு அதைவிடப் பெரிதாகப் படுவது, அலுமினியம் தொடர் அழுத்தத்தில் மெல்ல நெகிழ்ந்து விலகும் என்பது. இன்று இறுக்கமாக இருக்கும் கிரிம்ப் (லக்கைக் கேபிளின் மேல் நசுக்கிப் பிடித்த இணைப்பு), சூடேறியும் ஆறியும் சில மாதங்களில் தளர்ந்துபோகும். அதிர்ந்துகொண்டே ஓடும் வண்டியில் அது இன்னும் விரைவில் நடக்கும்.

ஃப்ரிட்ஜும் அதே கதைதான்

ஃப்ரிட்ஜுக்கு மின்னோட்டம் மிகக் குறைவு, ஓடும்போது 4.6 ஆம்பியர். அதனாலேயே 1.5 சதுர மி.மீ. கம்பி போதும் என்று விட்டிருந்தார். கம்பி சூடாகாது என்ற அளவில் அது போதும்தான். ஆனால் 12 வோல்ட் அமைப்பில் கம்பியின் கனத்தைப் பெரும்பாலும் முடிவு செய்வது சூடு அல்ல, தூரம். வீட்டு மின்சாரத்தில் ஒரு வோல்ட் தொலைந்தால் யாருக்கும் தெரியாது. இங்கே ஒரு வோல்ட் என்பது இருப்பதில் பன்னிரண்டில் ஒரு பங்கு. விடிகாலை நிலையை உண்டாக்கி அளந்தபோது பேட்டரியில் 12.9, ஃப்ரிட்ஜின் வாயிலில் 11.7. ஆறரை மீட்டர் பாசிட்டிவ் கம்பியில் 0.35 வோல்ட், சிகரெட் லைட்டர் சாக்கெட்டில் 0.30, நெகட்டிவ் கம்பியை உடம்பில் பிடித்திருந்த தகடு திருகில் 0.55. இங்கும் கறுப்புப் பக்கமே முன்னணி.

இந்த ஃப்ரிட்ஜின் பேட்டரிப் பாதுகாப்பு மேல் நிலையில் வைக்கப்பட்டிருந்தது, 11.8இல் நிற்கும், 12.6க்கு ஏறினால் மறுபடி தொடங்கும். கம்ப்ரெஸர் நின்ற கணத்தில் மின்னோட்டம் இல்லை, ஆகவே இழப்பும் இல்லை, வாயிலில் 12.9 திரும்பி வந்துவிடும். அது தொடங்கும், விழும், நிற்கும், ஏறும், தொடங்கும். இரவு முழுவதும் இப்படித் தடுமாறி, குளிரூட்டாமலேயே பொழுதைக் கழித்திருக்கிறது. பாதுகாப்பு நிலையைக் கீழே இறக்கிவைத்திருந்தால் அறிகுறி மறைந்திருக்கும். பலர் அதைத்தான் செய்கிறார்கள். நோயைக் காட்டும் விளக்கை அணைப்பது அது.

மாற்றியமைத்த விதம்

உடம்புத் தகட்டைத் திரும்பும் வழியாகப் பயன்படுத்துவதை முற்றாக நிறுத்தினோம். ஷண்ட்டுக்குப் பிறகு கனமான செம்புப் பஸ்பார் (பல கேபிள்கள் வந்து சேரும் உலோகப் பட்டை) ஒன்றை வைத்து, இன்வெர்ட்டர், ஃப்யூஸ் பெட்டி, சார்ஜர்கள் ஆகிய எல்லாவற்றின் நெகட்டிவும் தத்தம் கேபிள் வழியாக அங்கேயே வந்து சேரும்படி செய்தோம். பஸ்பாரிலிருந்து உடம்புக்கு ஒரே ஓர் இணைப்பு. அது வேலைக்கான மின்னோட்டத்தைச் சுமப்பதற்கு அல்ல, எங்காவது பாசிட்டிவ் கம்பி உடம்பில் உரசினால் ஃப்யூஸ் உடனே போகும்படி செய்வதற்கு. அதனால் அதையும் மெலிதாக விடவில்லை, 35 சதுர மி.மீ. அசல் செம்பு. அந்த இடத்தில் பெயின்ட்டைப் பளபளவென்று சுரண்டி, இறுக்கி, பிறகு துருப்பிடிக்காமல் மேலே பூச்சுக் கொடுத்தோம்.

இன்வெர்ட்டருக்கு இருபுறமும் 70 சதுர மி.மீ. நுண்ணிழைச் செம்புக் கேபிள். லக்குகளை அறுகோண அச்சு வைத்த ஹைட்ராலிக் கருவியால் அழுத்தினோம். பழைய லக்குகளில் சிலவற்றைச் சுத்தியலால் தட்டி, ஈயம் பாய்ச்சியிருந்தார். ஈயம் பாய்ந்த இடம் கம்பி முழுக் குச்சியாகிவிடும்; அது முடிந்து இழைகள் தொடங்கும் எல்லையில் வண்டியின் அதிர்வு இழைகளை ஒவ்வொன்றாக முறிக்கும். அப்படி முறிந்த இழைகள் ஒரு லக்கின் கழுத்தில் ஏற்கெனவே ஐந்தாறு தென்பட்டன.

அடுத்தது ஃப்யூஸ். என் பார்வையில் இந்த வண்டியின் மிகப் பெரிய ஆபத்து இங்கேதான் இருந்தது, அது எந்த அறிகுறியும் காட்டவில்லை என்பது வேறு விஷயம். 300 ஆம்பியர் ஏஎன்எல் ஃப்யூஸ் ஒன்று இன்வெர்ட்டரின் அருகில், அதாவது பேட்டரியிலிருந்து 1.4 மீட்டர் தள்ளி இருந்தது. ஃப்யூஸ் காப்பது அதற்குப் பின்னால் வரும் கம்பியை. முன்னால் உள்ள 1.4 மீட்டருக்குக் காப்பு எதுவும் இல்லை. அந்தக் கேபிள் இருக்கைச் சட்டத்தின் வெட்டிய ஓட்டை வழியாக, ரப்பர் வளையம்கூட இல்லாமல் போயிருந்தது. டார்ச் அடித்துப் பார்த்தபோது சிவப்பு உறையில் நகக்குறி போன்ற பள்ளம். தகட்டின் விளிம்பு ஒவ்வொரு மேட்டுப்பள்ளத்துக்கும் கொஞ்சம் கொஞ்சமாகச் சீவி, இழையின் நிறம் மங்கலாகத் தெரியும் அளவுக்கு வந்திருந்தது. இன்னும் சில நூறு கிலோமீட்டர் ஓடியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று அவர் கேட்டார். நான் பதில் சொல்லவில்லை.

லித்தியம் பேட்டரியின் உள்தடை சில மில்லி ஓம்கள்தான் என்பதால், குறுக்குச்சுற்று ஏற்பட்டால் ஆயிரக்கணக்கான ஆம்பியர் பாயும். ஃப்யூஸின் மேல் எழுதியிருக்கும் எண் எப்போது உருகும் என்பதைத்தான் சொல்கிறது. உருகிய பின் எழும் மின்பொறியை எவ்வளவு மின்னோட்டம் வரை அணைக்க முடியும் என்பது தனி எண். ஏஎன்எல் வகையில் அது பொதுவாக 6,000 ஆம்பியர். கிளாஸ்-டி (Class T) வகையில் 20,000. பேட்டரியின் பாசிட்டிவ் முனையிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் 250 ஆம்பியர் கிளாஸ்-டி ஃப்யூஸ் வைத்தோம். இன்வெர்ட்டர் முழுச் சுமையில் 180 ஆம்பியர் அளவுக்கே இழுக்கும். 70 சதுர மி.மீ. கேபிள் 250ஐத் தாங்கும். ஆகவே அந்த எண் இரண்டுக்கும் நடுவில் சரியாக அமர்கிறது.

டிசி-டிசி சார்ஜரின் கம்பியில் எஞ்சின் பேட்டரிப் பக்கம் மட்டும் ஃப்யூஸ் இருந்தது. இரு முனையிலும் பேட்டரி உள்ள கம்பிக்கு ஒரு முனைக் காப்பு போதாது. நடுவில் எங்கே உரசினாலும் மறுபக்கத்து பேட்டரி அதற்குள் பாயும். 16 சதுர மி.மீ. கேபிளில் இருபுறமும் 50 ஆம்பியர் வைத்தோம். ஃப்ரிட்ஜுக்கு 6 சதுர மி.மீ. கம்பி இரண்டு, போவதும் வருவதும், பஸ்பார் வரை. லைட்டர் சாக்கெட்டுக்குப் பதில் பூட்டிக்கொள்ளும் இணைப்பான். சூரியத் தகடுகளின் வேலை ஒழுங்காகவே இருந்தது, தொடவில்லை.

இன்வெர்ட்டரின் மாறுமின்னோட்ட வெளியீட்டில் மட்டும் நான் கை வைக்கவில்லை. அங்கே 30 மில்லி ஆம்பியர் கசிவுக் காப்பு சுவிட்ச் இருந்தது, சோதனைப் பொத்தானை அழுத்தினால் விழுந்தது, அதனால் எல்லாம் சரி என்று அவர் நம்பியிருந்தார். அந்தப் பொத்தான் சுவிட்சுக்குள்ளேயே ஒரு கசிவை உண்டாக்கிக் காட்டுகிறது, அவ்வளவே. இன்வெர்ட்டரின் நியூட்ரல் உடம்போடு இணைக்கப்படாமல் மிதந்துகொண்டிருந்தால், உண்மையான கசிவு ஏற்படும்போது மின்னோட்டம் திரும்பி வர வழி இராது, சுவிட்சும் விழாது. இந்த இன்வெர்ட்டரில் நியூட்ரல் மிதக்கத்தான் செய்தது. நியூட்ரலை உடம்போடு இணைத்தாலும், வெளி மின்சாரத்தில் வண்டியைச் செருகும்போது அந்த இணைப்பு தானாக விலக வேண்டும் என்பதும் சேர்ந்துகொள்வதால், உரிமம் பெற்ற மின்பணியாளர் ஒருவரிடம் அதை ஒப்படைக்கச் சொன்னேன். ஒப்படைத்து முடிக்கும் வரை அடுப்பை வெளி மின்சாரத்தில் போட வேண்டாம் என்றும் எழுதிக் கொடுத்தேன்.

மறு அளவீடு

அதே அடுப்பு, அதே பாத்திரம், அதே 1,600 வாட். பேட்டரியில் 12.7, இன்வெர்ட்டரில் 12.43. இழப்பு 0.27 வோல்ட். மின்னோட்டம் 162இலிருந்து 143 ஆம்பியராகக் குறைந்திருந்தது. இன்வெர்ட்டர் வெளியே கொடுக்க வேண்டிய வாட்டைக் குறைத்துக்கொள்ளாது. வரும் வோல்ட் குறைந்தால் அதற்கு ஈடாக ஆம்பியரைக் கூட்டி இழுக்கும், கூடிய ஆம்பியர் கம்பியில் இழப்பைக் கூட்டும், இழப்பு வோல்ட்டை இன்னும் தாழ்த்தும். அந்தச் சுழல் இப்போது அறுந்துவிட்டது. ஃப்ரிட்ஜின் வாயிலில் 0.2 வோல்ட் மட்டுமே குறைந்தது. பாதுகாப்பு நிலையை மாற்றாமல் இரவு முழுவதும் ஓடியது.

எல்லா நட்டுகளையும் முறுக்குவிசைச் சாவியால், தயாரிப்பாளர் கொடுத்த அளவுக்கு இறுக்கி, ஒவ்வொன்றின் மேலும் நட்டிலிருந்து பஸ்பார் வரை மஞ்சள் பெயின்ட்டால் ஒரு கோடு இழுத்திருந்தோம். மூன்று மாதம் ஓட்டிவிட்டு வண்டி மறுபடி வந்தபோது அடுப்புச் சோதனையில் இழப்பு 0.31 காட்டியது. டார்ச்சோடு குனிந்து பார்த்தேன். பதினோரு கோடுகள் நேராக இருந்தன. இன்வெர்ட்டரின் நெகட்டிவ் நட்டில் மட்டும் கோடு முறிந்து, ஓர் அரிசி அகலம் விலகி நின்றது. இறுக்கியதும் 0.27க்கு வந்தது. பழைய கோட்டைச் சுரண்டிவிட்டுப் புதிதாக இழுத்தோம்.